மருந்தோடு சோறும் பருப்பும்

காசநோயாளியுடன் வரும் குடும்பத்தினர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது, "எங்களுக்கும் வந்துவிடுமா, டாக்டர்?" என்பதே. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று, ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. 2,800 நோயாளிகளுக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களுடைய வீட்டார் 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் என அளிக்கப்பட்டன. அப்பிரிவில் புதிதாகக் காசநோய் கண்டது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு.

நோயாளிக்கு முட்டையும் பாலும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை உண்ணும் தாய்மார்களை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அடுத்த முறை அவர்களையும் எடை பார்க்க அழைத்து வாருங்கள். இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் அன்றே செய்துவிடலாம்.