கை கூறும் செய்தி

கையைப் பார்த்துக் குணமும் ஆயுளும் அறிந்துகொள்வதில் நம்மவர்க்குள்ள ஆவல் இன்று நேற்று உண்டானதன்று. ஆடவர்க்கு வலக்கை, பெண்டிர்க்கு இடக்கை என வகுத்து, குரு மேடு, சுக்கிர மேடு, ஆயுள் ரேகை என்று பெயரிட்டுப் பலன் சொல்லுவது வழக்கம். மேல்நாட்டில் இக்கலையால் பெரும் புகழ் பெற்ற கீரோ என்பவரும் தாம் அதைப் பாரத நாட்டிலே கற்றதாகவே சொல்லி வந்தார்.

ஆயின், இந்த ரேகைகள் தோன்றுவது எப்போது? சிசு கருவிலிருக்கும்போதே, ஏறக்குறைய மூன்றாவது மாதத்துக்குள், உள்ளங்கை மடங்குவதற்கு ஏற்ப இவை அமைந்துவிடுகின்றன. இவற்றின் நீளத்தைக் கொண்டு ஆயுளை அளக்கலாம் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

அதனால் கை ஒன்றுமே கூறாது என்று எண்ணிவிடலாகாது. நம் சித்த வைத்தியர்கள் நாடி பார்ப்பதோடு, கையை நூலால் அளந்து விரற்கடையால் கணக்கிடும் மணிக்கடை நூல் என்ற முறையையும் கையாண்டனர். விரல் நுனி பருத்து நகம் வளைந்திருப்பது மார்பு நோயின் குறியாகலாம் என்பதை கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரடீஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். நகம் கரண்டி போல் குழிந்திருந்தால் இரும்புச் சத்துக் குறைவை ஐயுற வேண்டும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, கைப்பிடியின் வலிமை குன்றியவர்களிடையே மரணம் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. ஆயுளைப் பற்றி ரேகையைவிடப் பிடியே அதிகம் பேசுகிறது!

திருப்பூர் வீரபாண்டியிலே பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் சகோதரிகளின் கைகளை எண்ணிப் பாருங்கள். கத்தரி பிடித்துக் காய்த்த விரல்களைக் கண்டு, அவர்கள் உழைப்பாளிகள் என்று கூற ஜோசியர் வேண்டுமா? ஆனால் அதே கை வெளிறியிருப்பதை நாம் கவனிக்கிறோமா? தமிழ்நாட்டில் 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறையிலும், குழந்தையின் உள்ளங்கை வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனையாகும்.

ஆகவே, வீட்டிலுள்ள பெண்களின் உள்ளங்கைகளையும் நகங்களையும் பகல் வெளிச்சத்திலே பாருங்கள். செம்மை குன்றியிருந்தால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். கை சிவந்திருப்பதாகத் தோன்றினும், களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் சோதனையை விட்டுவிடலாகாது. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணமில்லை. டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது சோகையே. கிரக சாந்தியால் அது தீராது. வைத்தியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையாலும், கீரை, பயறு முதலிய நல்லுணவாலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.