பெருங்குடலின் நலமும் நமது ஆகாரமும்

மலத்தோடு இரத்தம் கண்ட ஒருவர், அது மூலமாகத்தான் இருக்கும் என்று தாமே நிச்சயித்து, வெட்கத்தினால் வீட்டாருக்கும் சொல்லாது கைமருந்தோடு மாதங்களைக் கழித்து, தேகம் மெலிந்து இரத்தசோகையும் கண்ட பின்னரே வைத்தியசாலையை நாடுகின்ற வழக்கம் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆரம்பத்திலே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது பெருங்குடற் புற்றுநோய் என்பதை நினைக்கையில், இந்த மௌனம் மிகுந்த துயரத்தைத் தருகின்றது.

வயது, பரம்பரை, புகைத்தல், மது என்று அந்நோய்க்குக் காரணங்கள் பல உள. ஆயினும் நாம் உண்பது பெருங்குடலை அடைந்தபின் என்னவாகின்றது என்பது யாவரும் அறியவேண்டிய விஷயம். சிறுகுடலில் ஜீரணமாகாத நார்ப்பொருளையும் ஒருவகை மாப்பொருளையும், பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்கள், பிராணவாயு அற்ற அச்சூழலிலே நொதிக்கச் செய்து, பியூற்றிரேற் முதலிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இந்தப் பியூற்றிரேற்றிலிருந்தே பெறுகின்றன; அழற்சியைத் தணித்தலும், நெறிதவறிய கலங்களை மடியச் செய்தலும் அதன் விசேஷ குணங்கள். நார் குன்றிக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்தாலோ, அதே பற்றீரியாக் கூட்டம் பித்தத்தை உட்சுவரைப் புண்படுத்தும் அமிலங்களாக மாற்றிவிடுகின்றது. ஈ. கோலி என்னும் குடற் பற்றீரியாவின் சில வகைகள் கொலிபக்ரின் என்னும் நஞ்சினாற் கலங்களின் டி.என்.ஏ.யையே சேதப்படுத்துவதும் ஆய்வுகளிற் புலப்பட்டிருக்கின்றது.

2015இல் வெளியான ஓர் ஆய்விலே, தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் ஆகாரத்தை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த கிராமிய உணவை உண்ட அமெரிக்கருக்குப் பியூற்றிரேற் பெருகித் தீய பித்த அமிலங்கள் குறைந்தன; கிராமத்தவருக்கோ நேர்மாறாயிற்று. இரண்டே வாரத்தில் இவ்வளவு மாற்றமெனில், ஆண்டுக்கணக்காகப் பாணும் கோதுமை மாவும் தீட்டிய வெள்ளையரிசியுமாக நாம் உண்டுவருவதன் விளைவை யோசிக்க வேண்டாமா? குரக்கன், தவிடு நீக்காத சிவப்பரிசி, பயறு, கௌப்பி, முருங்கையிலை, வல்லாரை ஆகியன நமது சந்தைகளில் இன்றும் கிடைப்பவையே. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளிற் சிறுபகுதி ஜீரணத்துக்கு இசையாததாக மாறிப் பெருங்குடல்வரை செல்லுமாதலால், நாம் ஏழ்மையின் அடையாளமென்று ஒதுக்கிய பழஞ்சோற்றிலும் இப்பயன் உண்டு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடற் புற்றுநோயின் அபாயம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகின்றது. பிள்ளைகளின் காலையுணவில் சொசேஜை வழக்கமாக்கும் பெற்றோர் இதனை அறிதல் நலம்.

தடிமனுக்கும் இருமலுக்கும் வைத்தியரின் துண்டின்றி மருந்துக்கடையில் அன்ரிபயோரிக் கேட்டு வாங்குவதும் குடலின் நற்பற்றீரியாக்களை அழிப்பதாகும். துண்டின்றி அதை விற்பது விதிமுறைக்கும் மாறானது.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம் என்பது ஏழைக்குக் காட்டும் சலுகையன்று. யாவருக்கும் உரிய உரித்து. மலத்தில் இரத்தம், வாரக்கணக்காக மாறிய மலப்போக்கு, காரணமற்ற மெலிவு, இரத்தசோகை இவற்றில் ஒன்று காணப்படினும் அருகிலுள்ள வைத்தியசாலையிற் காட்டி, மலப் பரிசோதனையோ, குடலினுள் கமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியோ வேண்டுமா என்று தயங்காமற் கேளுங்கள். வேண்டுமாயின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தபின், சிகிச்சைக்கெல்லாம் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கே போகவேண்டியிருந்த நிலையும் பெரிதும் மாறிற்று. நோயின் பெயரையும் சிகிச்சையின் பயனையும் தமிழிலே விளக்கும்படி கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த மண் இது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது, 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பாக, இரண்டில் எது முந்தியதோ அப்போதே பரிசோதனை செய்துகொள்வது பற்றி வைத்தியரிடம் பேசுங்கள்.