பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

மாதுங்காவிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி உறங்கிக் கிடக்கிறது. மூத்த பிள்ளையின் படிப்புக்கெனச் சேமிப்பைத் திரட்டி வாங்கிய கருவி அது. இன்று இளைய பிள்ளைக்கும் அதே தேவை எழுந்துவிட்டது. புதியது வாங்கவோ கையில் பணமில்லை. பழையதையே பயன்கொள்ள வழியுண்டா? உண்டு. அவ்வழியையும், அதில் எச்சரிக்கை கொள்ளவேண்டிய இடங்களையும் ஈண்டுக் காண்போம்.

முதலில் குறையின் காரணத்தை அறிவோம். கணினியின் உறுப்புகளை ஏவி வேலை வாங்கும் தலைமை நிரலே இயங்குதளம் எனப்படும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டுகிறது. ஆதலால், உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தும் பல கணினிகள் ஒதுக்கப்பட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பழுதான பூட்டை நம்பிப் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாற்றாக அமைவது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் இதன் கருநிரலை வெளியிட்டார். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் அதனோடு இணைந்தன. விலையின்றி எவரும் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம். கேரளத்து அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் பல்லாண்டுகளாக லினக்ஸ் வழியே கணினி பயின்று வருகின்றனர் என்பதை அங்கு வாழும் நேயர்கள் அறிவார்கள்.

லினக்ஸில் பல வகைகள் உள. பழைய கருவிக்கு லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எப்.சி.இ. போன்ற எளிய வகைகள் ஏற்றவை. பின்னதற்கு 2 ஜி.பி. நினைவகம் குறைந்த அளவு, 4 ஜி.பி. இருப்பின் நலம். செயலி 64 பிட் வகையாக இருத்தல் வேண்டும்.

இதில் ஒரு வசதி யாதெனில், நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதுக. எழுதும்போது அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பின்னர்க் கணினியைத் தொடங்கும்போது எப்12, எப்2, எஸ்கேப் ஆகியவற்றுள் அக்கணினிக்குரிய விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்து இயக்குக. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் ஆகியவை இயங்குகின்றனவா என ஒவ்வொன்றாகப் பார்க்க. மனநிறைவு உண்டாகாவிடின் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழைய விண்டோஸ் அவ்வாறே இருக்கும்.

நிறுவத் துணியும்போதுதான் பெரும் எச்சரிக்கை வேண்டும். வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்னும் விருப்பத்தைத் தேர்ந்தால், திருமணப் புகைப்படம், தாத்தாவின் குரல்பதிவு, சான்றிதழ் நகல் யாவும் போய்விடும், மீட்பது அரிது. ஆதலால் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்நகல்கள் வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்றும் பார்த்த பின்னரே மேற்செல்க.

குறைகளையும் மறைக்கலாகாது. கணக்கு எழுதும் டேலி போன்ற விண்டோஸ் நிரல்கள் லினக்ஸில் நேராக இயங்கா. அலுவலகம் வலியுறுத்தும் நிரல் எதுவெனக் கேட்டறிந்து முடிவு செய்க. கடிதமும் கட்டுரையும் எழுத லிப்ரே ஆபீஸும், இணையம் காணப் பயர்பாக்ஸும் போதுமானவை. சுழல்வட்டு உள்ள கருவியாயின், அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் பெரிதும் கூடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பை லினக்ஸில் விலையின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பில்லாத நம் பிள்ளைகள், அலமாரியிலிருந்து இறங்கிய அதே கருவியில், ஊரிலுள்ள பாட்டிக்குத் தம் கையாலேயே தமிழில் மடல் எழுதலாமன்றோ?