பகுதி சபை: நகரவாசியின் குரல் எதுவரை எட்டும்?

தமிழ்நாட்டின் நகரங்களில் குடியிருப்போர் தங்கள் தெருவின் சாலை, வடிகால், விளக்கு, பூங்கா ஆகியவற்றைப் பற்றி உள்ளாட்சி நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசுவதற்குச் சட்டம் இன்று இரண்டு அமைப்புகளை வழங்குகிறது: வார்டு முழுமைக்கும் உரிய வார்டு குழு ஒன்று, அந்த வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அவ்வப்பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபை மற்றொன்று. கிராம சபையை நகரத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடாகவே இது பேசப்பட்டாலும், கிராம சபைக்கும் பகுதி சபைக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று.

அந்த வேறுபாடு அரசமைப்புச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. ஊராட்சிகளுக்கான 73ஆம் திருத்தம் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபைக்கு இடமளித்தது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த, நகராட்சிகளுக்கான 74ஆம் திருத்தமோ அத்தகைய மக்கள் மன்றம் எதையும் குறிப்பிடாமல், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு’ ஒரு குழு அமைந்தால் போதும் என்று நின்றுவிட்டது. பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒரே குழு அமைக்கலாம் என்னும் இச்சலுகையால், கவுன்சிலர்கள் மட்டுமே அமரும் மண்டலக் குழுக்களே வார்டு குழுக்களாகக் கொள்ளப்பட்டன. 2011-இல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி 200 வார்டுகளாகவும் 15 மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டின் கணக்கெடுப்பின்படி 66 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் வாழ்ந்தனர் என்பதால், ஒரு மண்டலத்துக்குச் சராசரியாக நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். ஒரு நடுத்தர நகரத்துக்கு ஒப்பான அந்த மக்கள்தொகைக்கு ஒரு குழுவை அமைத்துவிட்டு, அதனை மக்கள் பங்கேற்பு என்று அழைப்பது பொருந்தாது.

2005-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், நிதி பெற விரும்பும் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதையொட்டித் தமிழ்நாடு 2010-இல் தன் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தியது. ஆனால் சட்டத்துக்கு உயிர் தரும் விதிகள் 2022 ஜூனில்தான் வெளியாயின. இடைப்பட்ட காலத்தில், 2016 முதல் 2022 வரை, நகர உள்ளாட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களால் நடத்தப்பட்டன என்பதையும் சேர்த்து நோக்கினால், இந்தத் தாமதத்தின் அளவு விளங்கும்.

விதிகளின்படி, வார்டு கவுன்சிலரே வார்டு குழுவின் தலைவர். பகுதிக்கு ஒருவர் வீதம் மன்றத்தால் நியமிக்கப்படுவோர் அதன் உறுப்பினர்கள். பெரிய மாநகராட்சியான சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள் எனக் கணக்கிட்டால், ஒரு சபையின் எல்லைக்குள் ஏறத்தாழ 3,300 பேர் வருவர். இது மக்கள் ஓரிடத்தில் கூடிப் பேசத்தக்க அளவே. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளையொட்டி, மாநிலமெங்கும் இச்சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் கலந்துகொண்டார். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சுட்டுவதும், செய்ய வேண்டிய பணிகளை முன்னுரிமைப்படி பரிந்துரைப்பதும் சபையின் முதன்மைப் பணிகளாகும்.

இவ்வமைப்பின் பலவீனம் நியமனத்தில் இருக்கிறது. பகுதியின் பிரதிநிதியை அப்பகுதி மக்கள் தேர்ந்தெடுக்காமல், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை கொண்ட மன்றம் நியமிக்கும்போது, கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டியவர் அவருடைய ஆதரவாளராகவே இருந்துவிடக்கூடும். குடிமக்கள் அமைப்புகள் தொடக்கத்திலேயே இதனை ஆட்சேபித்தன. சபையை வாக்காளர் பட்டியலோடு பிணைத்திருப்பதால், வாக்கு வேறிடத்தில் இருக்க நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்போரும், கட்டடப் பணிக்காக வந்து தங்கியுள்ள வெளிமாநிலத் தொழிலாளரும் கணக்கில் வருவதில்லை.

இவற்றினும் பெரிய இடைவெளி நகரத் திட்டமிடலில் உள்ளது. எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எங்கே திறந்தவெளி என்று வரையறுக்கும் ஆவணமே முழுமைத் திட்டம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ், சென்னைப் பகுதிக்கு அதனை வகுப்பது மாநகராட்சியன்று, மாநில அரசின்கீழ் இயங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தெருவிளக்கு எரியாததைப் பகுதி சபையில் முறையிடலாம். அதே தெருவின் முனையில் உள்ள திறந்தவெளியின் நிலப் பயன்பாடு மாற்றப்படுவதை அச்சபை தடுக்க இயலாது. சென்னையின் கூவம் ஆற்றங்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் போல, வளர்ச்சித் திட்டங்களால் வாழ்விடத்தையே இழப்போருக்கு, இடம் மாறிய பின் தம் பழைய பகுதியின் சபையில் பேசும் தகுதியும் இல்லாமற்போகிறது.

கிராம சபையோடு ஒப்பிட்டால் இக்குறை மேலும் தெளிவாகும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் கிராம சபையின் ஒப்புதலைக் கோருகிறது. நடைமுறையில் அது சடங்காகிவிடும் இடங்கள் உண்டென்றாலும், சட்டத்தின் பிடி அங்கே இருக்கிறது. மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டமோ பகுதி சபையின் ஒப்புதலுக்கு வருவதே இல்லை.

2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டு வரைக்குமானது. திட்டமிடலில் உள்ள இடைவெளியைக் குறைக்க, அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தின் வரைவு, இணையத்திலும் நாளிதழ் அறிவிப்பிலும் கருத்துக் கேட்பதோடு நில்லாமல், அந்தந்தப் பகுதியின் வரைபடத்தோடு ஒவ்வொரு பகுதி சபையிலும் தமிழில் வைக்கப்பட வேண்டும். அங்கே பதிவாகும் ஆட்சேபங்களுக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும்.