ஆயிரம் ஆண்டுகட்குப் பின் ஒரு விருந்தாளி

பெருங்கதையைத் தொடங்குதல் எளிது. முறையாக முடித்தல் அரிது. அவ்வருஞ்செயலை நிறைவேற்றிய நூல் 'லெவையதன் ஃபால்ஸ்'. டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இருவர், ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் எழுதிய 'தி எக்ஸ்பான்ஸ்' வரிசையின் ஒன்பதாம் நாவல் இது. 2011-இல் தொடங்கிய வரிசை 2021-இல் இதனோடு முற்றுப்பெற்றது.

வேற்றுலகினர் விட்டுச்சென்ற வளைய வாயில்கள் வழியே மாந்தர் 1,300-க்கும் மேற்பட்ட ஞாயிற்று மண்டலங்களை அடைகின்றனர். வாயில்களைப் படைத்தோரை முன்னரே அழித்த பகைச்சக்தி, இப்போது மனித குலத்தின்மீது பாய்கிறது. மனங்கள் அனைத்தையும் ஒன்றாய்ப் பிணைத்து எதிர்த்து நிற்க முனைகிறான் பேரரசன் துவார்ட்டே. அவ்வாறாயின் தனிமனிதன் என ஒருவனும் எஞ்சான். கதைத்தலைவன் ஹோல்டன் அதற்கு இசையாது, தன்னுயிரை ஈந்து வாயில்களையே அழித்துவிடுகிறான். மக்கள் பிழைக்கின்றனர்; உலகங்களோ தனித்தனியே பிரிகின்றன.

முடிவுரையே நம்மை ஆழ்ந்து சிந்திக்கச் செய்வது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சென்றபின், புதுவழி கண்ட ஒரு கலம் பழைய தாயகம் தேடி வருகிறது. அப்பகுதிக்கு ஆசிரியர்கள் இட்ட தலைப்பு 'மொழியியலாளர்' என்பதாம். பிரிந்தவர் கூடுங்கால் முதற்கண் வேண்டப்படுவது மொழியன்றோ!

ஊர்விட்டு ஊர் வந்து மக்களை வளர்க்கும் நமக்கு இது வெறுங்கதை அன்று. வாயில் அடைபட ஆயிரம் ஆண்டுகள் வேண்டா. வீட்டில் ஒரு தலைமுறை தமிழ் பேசாதொழியின், பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே அது அடைபட்டுவிடும்.