எண்ணெய் சுமந்த மூன்று வேலை

1978இல் சாப் 99 டர்போ விற்பனைக்கு வந்தபோது, குடும்பக் காரிலும் டர்போ ஓடும் என்பது பலருக்குப் புதுச் செய்தி. யோசனை பழையது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வீணாகப் போகும் புகை டர்பைனைச் சுழற்றும். அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். பெட்ரோல் எஞ்சினில் அந்தப் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இந்தச் சூட்டிலிருந்தும் வேகத்திலிருந்தும் பேரிங்கைக் காப்பது யார்? அன்றைய டர்போவும் இன்றைய டர்போவும் பிரிவது இந்தக் கேள்விக்குத் தரும் பதிலில்தான்.

அன்று அந்தப் பொறுப்பு முழுக்க எஞ்சின் ஆயிலுடையது. ஷாஃப்டைச் சுற்றி இருந்தவை வெறும் புஷ்கள். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். உலோகத்தை உலோகம் தொடாது. சுமையைத் தாங்குவது, உராய்வைக் குறைப்பது, சூட்டை வாங்கிக்கொண்டு போவது என்று மூன்று வேலையையும் அந்த எண்ணெயே பார்த்தது. தாராளமாகப் பாய்ந்ததால் ஓட்டத்தில் குறை வைக்கவில்லை.

சிக்கல், வண்டியை நிறுத்திய பிறகு வந்தது. எஞ்சின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிடும். காய்ந்துகிடக்கும் டர்பைன் கூட்டின் சூடு ஷாஃப்ட் வழியாக நடுப்பகுதிக்கு ஏறும். பேரிங் பகுதி மிக அதிகமாகச் சூடேறுவது, வண்டி நின்ற சில நிமிடங்களில்தான். அங்கே தேங்கிய எண்ணெய், பலகாரம் சுட்ட வாணலியின் ஓரத்தில் படியும் கறைபோலக் கருகி ஒட்டிக்கொள்ளும். கறை சேரச் சேர எண்ணெய் வழி குறுகும். போதிய எண்ணெய் கிடைக்காமல் புஷ் தேயும், ஷாஃப்ட் ஆடும்.

இதற்கு அன்று இருந்த மருந்து, ஓட்டுநரின் பொறுமை. வேகமாக ஓட்டிவந்தவர் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஐடிலில் விட்டு, சூடு தணிந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். நம் ஊர் டர்போ லாரி ஓட்டுநர்களுக்கும் இது பழகிய பாடம். பொறுமை இல்லாதவர்களுக்காக ஜப்பானில் டர்போ டைமர் பிரபலமானது. சாவியை எடுத்துவிட்டுப் போனாலும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அதுவே நிறுத்தும்.

எண்பதுகளில் தண்ணீர் வந்தது. பேரிங்குகளைச் சூழ்ந்த நடுக்கூட்டில் ஒரு அறை குடைந்து, ரேடியேட்டர் கூலன்ட்டை அதன் வழியே ஓட்டினார்கள். ஓட்டத்திலும் இது உதவுகிறது. ஆனால் இதன் முழு அருமை எஞ்சின் நின்ற பிறகே தெரியும். சூடான நீர் தானே மேலேறும், குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு வரும். பம்ப் இல்லாமலேயே சுழற்சி நடக்கிறது. இன்று பல கார்களில், எஞ்சின் நின்ற பிறகும் கூலன்ட்டைச் சுழலவிடும் மின்பம்பும் உண்டு.

அடுத்த மாற்றம் பால் பேரிங். 1999இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34இன் டர்போக்களில் அது இருந்தது. ஷாஃப்டைக் குண்டுகள் தாங்குவதால் உராய்வு குறைகிறது. முன்பின் தள்ளும் விசையையும் அவையே ஏற்பதால் தனி த்ரஸ்ட் பேரிங் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. குண்டுகளுக்கு எண்ணெயும் கொஞ்சம் போதும். அளவுக்கு மீறினால் கெடுதல் என்பதால் ஆயில் லைனில் சிறு துளையுள்ள ரிஸ்ட்ரிக்டர் போடுகிறார்கள்.

ஆயில் மட்டும் போதுமா, தண்ணீரும் வேண்டுமா என்று யோசிப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. எண்ணெய் குறைந்தால், அது சுமந்துபோகும் சூடும் குறையும். கொஞ்சம் எண்ணெயே போதும் என்ற அந்தக் குணமே பால் பேரிங்கைத் தண்ணீரின் பக்கம் தள்ளுகிறது. அன்று எண்ணெய் தனியாகச் சுமந்த மூன்று வேலையை இன்று மூவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சுமை குண்டுகளுக்கு, உராய்வு எண்ணெய்க்கு, சூடு பெரும்பாலும் தண்ணீருக்கு.

ஆயிலை மட்டும் நம்பும் பால் பேரிங் டர்போக்கள் இன்றும் உண்டு. டிராக் (drag) பந்தயத்தில் அவற்றுக்கு நியாயமான இடம் இருக்கிறது: ஓட்டம் சில விநாடிகள், குழாய்கள் குறைவு, கழற்றி மாட்டுவது சுலபம். அன்றாடச் சாலையில் நிலைமை வேறு. மலை ஏறிவந்து டீக்கடையில் சட்டென்று நிறுத்துகிறோம். நெடுஞ்சாலையில் விரட்டிவந்து பெட்ரோல் பங்க்கில் ஆஃப் செய்கிறோம். தினமும் ஓட்டும் காருக்குத் தண்ணீர் லைன் உள்ளதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். பால் பேரிங் கெட்டால் புஷ்போலத் தனியாக மாற்றி முடிப்பது அரிது; பெரும்பாலும் ஷாஃப்டும் நடுக்கூடும் சேர்ந்த கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு கூலன்ட் குழாய்களின் விலை பெரிதல்ல.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். தண்ணீருக்கென்று வடிவமைத்த டர்போவின் கூலன்ட் வாய்களை, வேலை மிச்சம் என்று அடைத்துவிடக் கூடாது. தண்ணீர் உள்ளே போகும் வாயைவிட வெளியே வரும் வாய் உயரமாக இருந்தால்தான் நின்ற பிறகான சுழற்சி நன்றாக நடக்கும். அதற்கேற்ப நடுக்கூட்டைச் சற்றுச் சாய்த்துப் பொருத்துவது வழக்கம். எண்ணெய் இறங்கும் குழாயோ கூடியவரை நேர்கீழாக இருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் தன் எடையால் மட்டுமே வடிகிறது. தண்ணீர் இருக்கிறதே என்று ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடவும் கூடாது. மூவரில் ஒருவர் வேலையை மற்றவர் முழுதாகச் செய்ய முடியாது. டர்போ வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்பதோடு, வண்டி நின்ற பிறகு அதன் சூட்டை யார் வாங்கிக்கொள்வார் என்றும் கேளுங்கள். டர்போவின் ஆயுள் பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கிறது.