காதுக்கு இசைந்த கருவி

திருவள்ளுவர் தம் நூலில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். செவியின் வழியே வரும் அறிவை அவர் அத்துணை உயர்வாக மதித்தார். அந்தச் செவியை இன்று நாம் சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவிகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். தாயின் குரலும், ஊர்ச் செய்தியும், பழைய பாட்டும் இயர்போன் வழியாகவே நம்மை வந்து சேருகின்றன. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இது ஊரோடு பிணைக்கும் இழையாகவே விளங்குகிறது. ஆகவே, அதனையும் அதற்குத் துணையான பிற கருவிகளையும் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று ஆராய்வோம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையில் உள்ளது ஹெப்பகோடி. ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி. மறு பக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். இங்குள்ள ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் தமிழர் பலர். 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற மெட்ரோ மஞ்சள் தடம், ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவைப் பதினாறு நிலையங்களால் இணைக்கிறது. அவற்றுள் ஹெப்பகோடியும் ஒன்று. எனினும் பேருந்தை நம்பி நாள்தோறும் சில்க் போர்டு நெரிசலைக் கடப்போர் இன்றும் உளர். இரைச்சல் மிகுந்த இப்பயணத்தில்தான் நம்மவர் காதில் கருவி ஏறுகிறது. நாம் கருத்தூன்ற வேண்டிய இடமும் இதுவே.

பேருந்தின் இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமாயின் ஒலியைக் கூட்டியே ஆக வேண்டும். அதனால் விளைவது யாது? ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். வாரத்திற்கு 80 டெசிபல் ஒலியை 40 மணி நேரம் கேட்பதே பெரியோர்க்குப் பாதுகாப்பான எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை. ஒலி மூன்று டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். இக்கணக்கின்படி 90 டெசிபல் ஒலியை வாரத்திற்கு நான்கு மணி நேரமே கேட்கலாம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று அவ்வளவு உரத்துக் கேட்கும் ஒருவர், திங்களன்று தொடங்கினால் செவ்வாய் மாலைக்குள் அவ்வாரத்தின் பங்கு முழுவதையும் செலவிட்டுவிடுகிறார். ஆலையில் இயந்திரங்களுக்கிடையே எட்டு மணி நேரம் நிற்பவருக்கோ பேருந்தில் ஏறும் முன்னரே அப்பங்கின் பெரும்பகுதி தீர்ந்திருக்கக்கூடும். காது இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வதில்லை. ஆலை ஓசையும் பாட்டோசையும் ஒரே ஏட்டில்தான் ஏறுகின்றன.

உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் மிக நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்பின் செய்தியாக மாற்றுவன அவையே. அளவிறந்த ஒலியால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கெடுவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் ஆற்றல். ஆகையால் ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் மங்கும். பேசுவது காதில் விழும், ஆனால் சொல் பிரிந்து தெளியாது. பாட்டு நின்ற பின்னும் காதில் ரீங்காரம் கேட்குமாயின் அதை எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். அது நீடித்தால் காது மருத்துவரை நாடுவதே முறை.

எனவே, இயர்போன் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு சத்தம் வரும்?’ என்பதன்று; ‘எவ்வளவு மெல்ல வைத்தாலும் தெளிவாகக் கேட்கும்?’ என்பதே. காதுத் துளையில் நன்கு பொருந்தும் ரப்பர் முனையுள்ள வகை புற ஓசையைப் பெருமளவு தடுக்கும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் வருவதுண்டு. மூன்றையும் போட்டுப் பார்த்துப் பொருந்துவதைக் கொள்க. இரைச்சல் நீக்கும் வகை இதனினும் ஒரு படி மேலானது. சிறு மைக் ஒன்று வெளியோசையை வாங்க, கருவி அதற்கு நேர்மாறான அலையை எழுப்பி அதனை அடக்குகிறது. இக்கருத்துக்கு பால் லூக் என்னும் ஜெர்மானியர் 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு மகனாய் அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானப் பயணம் ஒன்றில் இதனைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அவர் நிறுவனம் 1989இல் விமானிகளுக்கென அத்தகைய கருவியை வெளியிட்டது. என்ஜின், மின்விசிறி போன்ற சீரான ஓசையை இது நன்கு அடக்கும். பேச்சையும் ஹாரனையும் அவ்வளவாக அடக்காது. இதனை அறிந்து விலை கொடுப்பது நலம்.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்பது அடுத்த வினா. கம்பியுள்ளது விலை மலிவு. சார்ஜ் ஏற்ற வேண்டுவதில்லை. நெரிசலில் ஒரு காதினுடையது மட்டும் விழுந்து தொலைவதுமில்லை. எஃப்.எம். வானொலி உள்ள செல்பேசியில் இக்கம்பியே ஏரியலாகவும் பயன்படுகிறது. ஆயின், இதைச் செருகும் வட்டத் துளை இன்றைய செல்பேசிகள் பலவற்றில் இல்லை. முதலில் அதைப் பார்த்துக்கொள்க. புளூடூத்தால் இயங்கும் வகை கைக்கும் தலைக்கும் தடையின்றி இருக்கும். ஆனால் அதன் சின்னஞ்சிறு பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். பெரும்பாலும் அதனை மாற்ற இயலாது. வீட்டாரோடு நெடுநேரம் பேசுவோர் பாட்டின் இனிமையை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், மைக் நம் குரலைத் தெளிவாகக் கொண்டு செல்கிறதா என்று கடை வாசலில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தல் வேண்டும்.

இனிப் பவர் பேங்க். பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் அம்முழு அளவும் செல்பேசிக்குச் சேராது. உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதாலும், வெப்பமாய்ச் சிறிது வீணாவதாலும் ஏறத்தாழ 6,000 முதல் 6,500 வரையே கிடைக்கும். விமானத்தில் செல்வோர் இதனைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்கில் போடும் பெட்டியில் வைத்தல் கூடாது. 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டா. 20,000 அளவுள்ளது 74 வாட் மணியே ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவெண்ணும் இல்லாத பவர் பேங்க்கையோ சார்ஜரையோ வாங்காதீர்கள். அவ்வமைப்பின் செயலியில் பதிவெண்ணைச் சரிபார்க்கலாம். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்துவதும், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதும் தீயை அழைப்பதாகும். செல்பேசிக்கும் இயர்போனுக்கும் பவர் பேங்க்குக்கும் ஒரே சி வகை முனை இருக்குமாறு வாங்கினால் பயணத்தில் ஒரே கம்பி போதும். ரசீதைப் பத்திரப்படுத்துக, குறை நேர்ந்து கடைக்காரர் செவிசாய்க்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பிறர்க்குத் தொல்லையின்றிக் கேட்பதும் நம் கடமை. பேருந்துக்குள் செல்பேசியில் உரக்கப் பாட்டு வைப்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. நமக்கு இனிக்கும் பாட்டு பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் இனிக்க வேண்டும் என்ற நியதியில்லை. அதே வேளையில் இரு காதையும் எந்நேரமும் அடைத்துக்கொள்வதும் நன்றன்று. ஓசூர்ச் சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதில் கருவி இருத்தலாகாது. நடத்துநர் அழைப்பதும், காய்கறிக்காரர் விலை சொல்வதும், அண்டை வீட்டார் நலம் கேட்பதும் கன்னடத்தில்தான். வாழ வந்த ஊரின் மொழி, திறந்த காதின் வழியே எளிதாய் வந்து சேரும்.

சுருங்கக் கூறின், காதில் பொருந்துவதைத் தேர்க; ஒலியைச் செல்பேசியின் முழு அளவில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டவிடாது வைக்க; மணிக்கொருமுறை காதுக்கு ஓய்வு தருக. கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். செவிக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.